மைனரின் பெற்றோல் தாங்கி

இரண்டு மூன்று கட்டை (மைல்) ஓடியதும் கார் மூச்சு வாங்கத் தொடங்கும். பிறகு நிற்கும். பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இன்னும் இரண்டு கட்டை போனதும் திரும்ப நிற்கும்.

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் இந்தச் சேட்டையைத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலிலிருந்து சுன்னாகம் வரைக்கும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயில் சூடாகிறது என்றார் ஒருவர். கொண்டென்சரை மாற்று என்றார் இன்னொருவர். பெற்றோல் தாங்கியின் மூடியைக் கழற்றிவிட்டு ஓடிப்பார் என்று ஒருவர் சொன்னது மட்டும் உருப்படியான யோசனை. மூடியின் காற்றுத் துளை அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் வராமல் இதே மாதிரி நிற்கும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை என்பதால் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். செய்தேன். எங்கள் கோளாறு அதுவல்ல.

கடைசியில் காட்டிக்கொடுத்தது பம்பின் சத்தம். மைனரில் இருப்பது எஸ்.யு. என்ற மின்சாரப் பம்ப். எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில் பூட்டியிருக்கும். சாவியைத் திருப்பியதும், எஞ்சின் எழும்புவதற்கு முன்பே, டக் டக் டக் என்று அடிக்கும். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபுரேற்றர் நிரம்பியதும் அடங்கிவிடும். தாங்கியில் பெற்றோல் இல்லாவிட்டால் நிறுத்தாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். உறிஞ்சுகிற வழியில் அடைப்பிருந்தால் ஓர் அடி அடித்துவிட்டு யோசிக்கும், பிறகு இன்னோர் அடி. கையை வைத்தால் சுடும். கார் நின்ற இடத்தில் பொனற்றைத் திறந்து நான் கேட்டது அந்தக் கடைசிச் சத்தம்.

அதாவது, தாங்கியின் அடியில் கறள் (துரு) தூள் கிடக்கிறது. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச அந்தத் தூள் குழாயின் வாயில் வந்து ஒட்டுகிறது. பெற்றோல் வரத்துக் குறைந்து, காபுரேற்றர் வற்றி, கார் நிற்கிறது. உறிஞ்சல் நின்றதும் ஒட்டியிருந்த தூள் கழன்று கீழே விழுகிறது, வழி திறக்கிறது. ஆறினால் ஓடுகிறது என்பதைப் பார்த்து மின்சாரக் கோளாறு என்று நினைத்துத்தான் பாதிப்பேர் கொயிலை மாற்றுகிறார்கள். கொயில் விற்பவருக்கு நல்லது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் மைனர் 1000. நாலு கதவு, 948 சிசி. அப்பப்பா வாங்கியது. இலக்கத் தகட்டில் '1 ஸ்ரீ', அதுவும் சிங்கள எழுத்தில். அந்த ஸ்ரீயை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதுகிற போராட்டம் வடக்கில் சூடாக நடந்து முடிந்த கையோடு வந்த கார். அப்பப்பா போராட்டத்தின் பக்கம். ஆனாலும் காரை விட மனம் வரவில்லை. வீட்டில் இது இன்றைக்கும் பகிடி. மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வரைந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுதான். அந்தப் பத்து இலட்சத்தில் இலங்கைக்கு வந்தவற்றில் நிறைய இன்னும் ஓடுகின்றன. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, வீட்டுக் கொல்லையில் கோழி படுத்திருந்த மைனர்களுக்கும் விலை ஏறிவிட்டது.

தாங்கிக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து, யாழ்ப்பாணத்தில் பெற்றோல் சின்னப் போத்தல் கணக்கில் விற்கப்பட்ட காலத்தில், இங்கே ஓடிய பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கண்மருந்து வருகிற சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் காரில் இருக்கும். காபுரேற்றரின் வாய்க்குள் அதைப் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறும் வரை அணையாமல் பிடித்து வைத்திருந்தால், பிறகு மண்ணெண்ணெயில் தானாக ஓடும். புகை பின்னால் வருபவரின் கண்ணைக் கரிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அப்பா ஒயில் குச்சியை இழுத்து விரலில் தடவி மணந்து பார்ப்பார். அமுக்க விகிதம் குறைந்த அந்தக் காலத்து எஞ்சின் என்பதால்தான் இதெல்லாம் நடந்தது. இன்றைய கார் எதுவும் இதற்கு இணங்காது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோதும் இந்தக் கார் மண்ணெண்ணெயில்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. ஓடிக் கடந்தது என்று சொல்லக்கூடாது. சனத்துக்கு நடுவே உருண்டது. நிறுத்தினால் திரும்ப எழுப்புவதற்குப் பீச்சப் பெற்றோல் வேண்டுமே என்று அப்பா எஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார். பின்சீற்றில் அப்பம்மாவோடு யார் யாரோ வீட்டுக் கிழவிகள். எனக்கு இருக்க இடமில்லை, பக்கத்தில் நடந்தேன்.

அந்தத் தாங்கி அதையெல்லாம் தாங்கியது. அதைக் கெடுத்தது எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022. அந்த யூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர மற்ற வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதை அரசாங்கம் நிறுத்தியது. பிறகு கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கியது. அந்த இடைவெளியில் எங்கள் வீட்டில் ஓடியது மோட்டார் சைக்கிள் மட்டும்தான். மைனரின் தாங்கியிலிருந்த பெற்றோலை ரியூப் போட்டு உறிஞ்சி அதற்குத்தான் ஊற்றினோம். கார் வெறும் தாங்கியோடு கொட்டிலில் நின்றது. மாரி வந்தது. போனது. அடுத்த மாரியும் வந்தது.

வெறும் தாங்கி ஏன் கறள் பிடிக்கிறது என்றால், அது மூச்சு விடுகிறது. பகலில் சூடேறிக் காற்றை வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். கார்த்திகை மார்கழியில் இங்கே காற்று எவ்வளவு ஈரம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் வியர்த்துச் சொட்டும். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் அடியில் ஒரு கரண்டி பெற்றோல் கிடந்தாலும் தண்ணீர் அதற்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே மேற்சுவர் பரவலாகக் கறள் பிடிக்கும். அடித்தகடு புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். மைனர் மாதிரிப் பழைய கார்களின் தாங்கித் தகட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். அது உரிந்த இடத்தில்தான் கறள் முதலில் கை வைக்கும்.

அப்பாவுக்கு வேறு கொள்கை. "மண்ணெண்ணெய் ஓடின காலத்திலை இந்தத் தாங்கிக்கு ஒண்டும் நடக்கேல்லை. பெற்றோல் வந்த பிறகுதான் வருத்தம் வந்தது" என்கிறார். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலச் சட்டென்று ஆவியாகாது, தகட்டில் எண்ணெய்ப் பிசுபிசுப்பாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் தாங்கி காலியாக நின்றதே இல்லை என்பதும் உண்மை. நான் வாதாடவில்லை.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. மைனரின் தாங்கி டிக்கிக்கு அடியில், விளிம்பைச் சுற்றி ஸ்குறூ போட்டுப் பூட்டியிருக்கும். முதல் வேலை பற்றறி வயரைக் கழற்றுவது. பிறகு அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து மிச்சமிருப்பதை வடித்துக்கொள்ள வேண்டும். பெற்றோல் மட்டம் காட்டும் மிதவையின் வயர், பெற்றோல் குழாய், ஊற்றுகிற குழாயை இணைக்கும் றப்பர், இவ்வளவும் கழன்றால் மிச்சம் ஸ்குறூதான். அறுபது வருடத்துச் சேறு காய்ந்து இறுகிய ஸ்குறூ. ஒயில் விட்டு ஒரு இரவு ஊறவிட்டேன். சில சுழன்றன, சில தலை முறிந்தன. முறிந்ததைத் துளைபோட்டு எடுக்கலாம் என்று மின்சாரத் துளைகருவியை யாரும் தூக்கிவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பது பெற்றோல் ஆவி. இரும்பு அறுக்கும் வாள் பிளேட்டால் கையாலேயே மெதுவாக அறுத்தேன்.

எங்கள் கராஜ் அண்ணை இந்த விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். "தம்பி, நிறைஞ்ச தாங்கி எரியும். வெறும் தாங்கிதான் வெடிக்கும்" என்பார். காற்றில் பெற்றோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த தாங்கியில் அவ்வளவு காற்று இருக்காது. காலியாக்கி இரண்டு நாள் வெயிலில் வைத்த தாங்கியில் அந்தக் கலவை சரியாக அமைந்துவிடும். மணமில்லை என்று நினைத்து வெல்டிங் வைத்த கதைகளை அவர் சொல்லக் கேட்டால் பிறகு யாருக்கும் துணிவு வராது.

வடித்ததை வெள்ளைப் பிளாஸ்ரிக் கானில் எடுத்துத் தெளியவிட்டேன். மேலே வெறுந்தேத்தண்ணி நிறத்தில் பழைய பெற்றோல். அது மணத்தால் பெற்றோலே இல்லை, வார்னிஷ் மணம். அதற்குக் கீழே தெளிவாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே தண்ணீர். அடியில் செம்மண் போலத் தூளும், நகக்கண் அளவு செதில்களும். கானை லேசாக ஆட்டினால் தூள் எழும்பி, தண்ணீர் வரைக்கும் கலங்கி, பெற்றோலுக்குள் போகாமல் அந்தக் கோட்டில் நின்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதையோ இவ்வளவு நாளும் எஞ்சினுக்குக் குடுத்தனீ" என்றார்.

கழுவுவதற்கு முன் யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். தகடு மிச்சமிருக்கிறதா, இல்லையா. கறளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, கறளுக்குப் பின்னால் எவ்வளவு இரும்பு என்பதுதான் கணக்கு. சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் போட்டுப் பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பி வடித்து, ஆவி முழுவதும் போன பிறகு மிதவைத் துவாரத்தால் ரோச் அடித்துப் பார்த்தேன். வெளியே ஸ்குறூட்றைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், கெட்டது மொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்து அழுத்த வேண்டும். உள்ளே போனால் அந்த இடம் போய்விட்டது. அடித்தகட்டில் கைப்பிடி அகலம் இப்படிப் போயிருந்தால் இந்தத் தாங்கியை விட்டுவிட்டுப் புதிது தேடியிருப்பேன். நல்லகாலம், அழுத்தியதற்கு எங்கும் இடம் கொடுக்கவில்லை.

கசிவு வேறு கதை. தாங்கியில் தண்ணீர் நிரப்பி, வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, மூட்டு ஓரமெல்லாம் பள்ளிக்கூடச் சோக்கால் வெள்ளையாகத் தேய்த்துவிட்டேன். ஒரு இரவு கழித்துப் பார்த்தபோது பின்மூலையில் மூட்டை ஒட்டி, சோக்கு நனைந்து கறுத்த இரண்டு புள்ளி. கண்ணால் பார்த்தால் ஓட்டை தெரியவே தெரியாது.

புதிய தாங்கி வாங்கலாமா என்று பார்க்காமல் இல்லை. மைனருக்குப் பிரித்தானியாவில் இன்றும் புதுத் தாங்கி செய்து விற்கிறார்கள். ஆனால் உள்ளே வெறும் காற்று இருக்கிற பெரிய பெட்டி என்பதால் அனுப்புகிற செலவு பொருளின் விலையோடு போட்டி போடுகிறது, மேலே சுங்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவர், மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனவர். நம் நாட்டுத் தகரத் தொழிலாளர் அடித்த பாகம் இங்கிலாந்து மைனர்களில் ஓடுகிறது. நான் இங்கே இருந்துகொண்டு இங்கிலாந்திலிருந்து தாங்கி எடுப்பிக்க விலை கேட்கிறேன்.

கொழும்பு போனபோது பஞ்சிகாவத்தைக்கும் போனேன். பழைய வாகனப் பாகம் எது தேவையென்றாலும் அங்கே ஒரு சுற்றுச் சுற்றாமல் மனம் ஆறாது. ஒரு கடையில் மைனர் தாங்கி இருந்தது. வெளியே கறுப்பு மை பளபளவென்று. உள்ளே ரோச் அடித்தால் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று உட்பூச்சு. மிதவைத் துவாரத்தின் விளிம்பில் நகத்தால் கீறினேன். கீறிய இடத்தில் பூச்சுத் தோல் மாதிரிக் கழன்று வந்தது, அடியில் அப்படியே செங்கறள். கடைக்காரர் என்னையும் என் நகத்தையும் பார்த்தார். நான் ரோச்சை அணைத்துவிட்டு வந்தேன்.

உட்பூச்சைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அங்கே இன்னும் இறுகியது. எப்பொக்சி வகைப் பூச்சுக்கள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, அமிலத்தால் கறளை எடுத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து ஊற்றினால் பல வருடம் நிற்கும். ஆனால் அவ்வளவையும் ஒழுங்காகச் செய்த தாங்கிக்குப் பெரும்பாலும் பூச்சே தேவைப்படாது. ஒழுங்காகச் செய்யாத தாங்கியில் ஊற்றினால் ஒரு நாள் தோலாக உரிந்து, கறள் தூளைவிட மோசமாகக் குழாயை அடைக்கும். உரிந்த பூச்சை வெளியே எடுப்பது கறள் எடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: அங்கே பெற்றோலில் இப்போது 20 வீதம் எதனோல். பழைய வகைப் பூச்சுக்கள் சில எதனோலில் இளகும். எதனோல் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பூசத்தான் வேண்டுமென்றால் எதனோல் தாங்குமா என்று தகரத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

சரி, கறள் எடுத்த கதைக்கு வருவோம்.

ஒட்டிக்கொண்டிருக்கும் செதிலை அமிலம் மட்டும் நம்பி எடுக்க முடியாது, உள்ளே ஏதாவது உரச வேண்டும். சிலர் கருங்கல் சல்லி போடுவார்கள். அது உடைந்து மாவாகி மூலையில் தங்கும். நான் போட்டது சின்ன இரும்பு நட்டுக்கள். எத்தனை போட்டோம் என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், தாங்கிக்குள் தடுப்புத் தகடு இருந்தால் அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு ஒளிந்துகொள்ளும். கையால் குலுக்கினால் தோள் போய்விடும் என்பதால் பக்கத்து வளவு லாண்ட் மாஸ்ரரை, அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, கொண்டுவந்தோம். அதன் ஒரு சில்லைக் கல்லு வைத்து நிலத்தைவிட்டு உயர்த்தி, தாங்கியைச் சாக்கால் சுற்றி, சில்லோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஆகக் குறைந்த கியரில் விட்டோம். சில்லு சோம்பலாகச் சுற்ற, மேலே போகும்போது நட்டுக்கள் ஒரு பக்கம் சரசரவென்று சரிய, கீழே வரும்போது மறுபக்கம் சரியும். அரை மணிக்கொருமுறை நிறுத்தித் தாங்கியை வேறு பக்கமாகத் திருப்பிக் கட்டினோம். ஒழுங்கை முழுவதும் அந்தச் சத்தம். என்ன ஆட்டுகிறீர்கள் என்று கேட்டு வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தே அம்மா களைத்துப்போனா.

நட்டுக்களைக் கொட்டியபோது கூடவே கொட்டிய கறளை ஒரு மண்வெட்டியால் அள்ளினோம். உள்ளே சாம்பல் நிறத் தகடு தெரிந்தது. குழிகளில் மட்டும் சிவப்பு மிச்சம். அதற்குத்தான் அமிலம். வெதுப்பகச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கிற சிற்றிக் அசிட், பத்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. சுடுதண்ணீரில் கரைத்து, விளிம்பு வரை நிரப்பினேன். நிரப்பாமல் விட்டால் அமிலம் நிற்கிற மட்டத்தில் கோடு விழும், அதற்கு மேலே கறள் அப்படியே இருக்கும். வாயை இறுக்கி மூடக்கூடாது, அமிலம் இரும்பைத் தொட்டால் வாயு வரும். உப்பமிலம் இதைவிட வேகமாகக் கறளைத் தின்னும், ஆனால் நல்ல இரும்பையும் தின்னும். அறுபது வருடத் தகட்டில் தின்னக் கொடுக்க எனக்கு மிச்சமில்லை.

ஊற்றிய நீர் பச்சை கலந்த மஞ்சளாகி, உள்ளே விரல் விட்டுத் தடவினால் வழுக்காமல் சொரசொரப்பாக இருந்தபோது வடித்தேன். இதற்குப் பிறகு நிதானம் உதவாது. வெறும் இரும்பு ஈரத்தோடு காற்றைக் கண்டால் கண் முன்னாலேயே செம்மஞ்சளாகும். அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரால் அலசி, மெதிலேற்றட் ஸ்பிரிற் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, மூலையில் ஒளிந்த தண்ணீரை அதோடு வெளியே எடுத்து, தங்கச்சியின் தலைமயிர் உலர்த்தும் கருவியால் உள்ளே சூட்டுக் காற்று அடித்தேன். ஸ்பிரிற்றும் சட்டென்று நெருப்புப் பிடிப்பதுதான், அதனால் அது முழுவதும் வழிந்து போய், வாயில் மணம் இல்லாத அளவுக்கு வெளியில் ஆறவிட்டுத்தான் கருவிக்கு வயர் போட்டேன்.

அந்த இரண்டு புள்ளிக்கு ஈயம் வைக்க, யாழ் நகரில் றேடியேற்றர் வேலை செய்யும் ஐயா ஒருவரிடம் போனேன். எழுபது தாண்டியிருப்பார். இப்போது பிளாஸ்ரிக் தலை வைத்த அலுமினிய றேடியேற்றர்களாக வந்துவிட்டதால் அவருடைய மேசையில் வேலை குறைவு. வெல்டிங் சுவாலை மூவாயிரம் பாகையில் மெல்லிய தகட்டை உருக்கி ஓட்டையைப் பெரிதாக்கும். வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த கலவை 183 பாகையில் உருகிவிடும். தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே இந்த வேலைக்கு அவர்தான் ஆள்.

தாங்கியை வாங்கியதும் மூக்கை வைத்து மணந்தார். பிறகு நான் கழுவியதை நம்பாமல் தானும் ஒருமுறை கழுவினார். ஓட்டை உள்ள மூலை மேலே வரும்படி சாய்த்து வைத்து, அந்த மூலைக்குச் சற்றுக் கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பினார். ஆவி நிற்க இடமில்லை. ஆனால் தண்ணீர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு ஏறாது, அதனால் ஒரு விரல் இடைவெளி. மூட்டைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும் வரை தேய்த்தார். ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலைத் திறந்து கோழியிறகால் ஏதோ தடவினார். கேட்டேன். "அசிட்டுக்குள்ளை நாகம் போட்டு அடங்க விட்டது" என்றார். நாகம் என்றால் துத்தநாகம். அதை எங்கே எடுக்கிறீர்கள் என்றால், மேசைக்குக் கீழே காலால் ஒரு பெட்டியைத் தள்ளிக் காட்டினார். பழைய ரோச் பற்றறிகள். கூட்டை வெட்டித் தட்டையாக்கி வைத்திருந்தார். தொண்ணூறுகளில் பழகிய பழக்கம், விடவில்லை.

செம்புத் தலை வைத்த கோலைத் தூரத்தில் ஒரு மூலையில் ஊதுவிளக்கில் காய்ச்சிக்கொண்டு வந்தார். நெருப்பைத் தாங்கிப் பக்கம் கொண்டுவரவே இல்லை. கோலின் முனையை நவச்சாரக் கட்டியில் ஒரு தேய் தேய்த்ததும் புசுக்கென்று வெள்ளைப் புகை எழும்பி மூக்கைக் குத்தியது. முனை பளிச்சென்று வெள்ளியாகத் திரும்பியது. ஈயக் குச்சியைத் தொட்டார். அது முத்தாக உருண்டு நிற்காமல் விரிந்து ஒட்டியது. அதைக் கொண்டுபோய் மூட்டில் வைத்து அழுத்தி, அவசரப்படாமல் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, பிறகு ஈயம் தானாகவே மூட்டு இடுக்குக்குள் ஓடியது. கோலை மெல்ல இழுத்துக்கொண்டே போனார், பின்னால் ஈயம் மினுங்கிக்கொண்டு வந்து மங்கியது. இரண்டு புள்ளிக்குத்தான் கூலி பேசியது. அவர் அந்த மூட்டு முழுவதற்கும் வைத்துவிட்டார். "இண்டைக்கு இது, நாளைக்குப் பக்கத்திலை ஒழுகும். பிறகு நீர் எனக்குத்தான் பேசுவீர்" என்றார்.

வேலை முடிந்ததும் சுடுதண்ணீரால் நன்றாகக் கழுவச் சொன்னார். அந்த அசிட் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதிலிருந்தே புதுக் கறள் தொடங்கும். அமிலத்தால் கறள் எடுக்கிற வேலையை ஈயம் வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதும் அதே கணக்குத்தான். ஈயம் வைத்த பிறகு அமிலம் விட்டால் அது ஈயத்தையும் சுரண்டும்.

மீதி வேலை சுருக்கம். திரும்பச் சோக்குச் சோதனை, நனையவில்லை. உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்த பெற்றோல் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டினேன். வெளியே றெட் ஒக்சைட், மேலே கறுப்பு. விளிம்புக்குப் புதிய பட்டி. பெற்றோல் குழாயை இரண்டு முனையும் கழற்றி எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கிக் காற்றடித்தேன். வந்த தூளைப் பார்த்தபோது தாங்கியை மட்டும் துப்புரவாக்கிப் பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று விளங்கியது. பம்புக்குள் உள்ள கம்பி வலைச் சல்லடை முழுக்கச் சேறு. காபுரேற்றரின் மிதவைக் கிண்ணத்திலும் அதேதான். தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரித் தெரிகிற பில்ரர் ஒன்று போட்டேன். பழைய கார்ப் பக்தர்கள் சிலர் அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார்கள், 1959இல் அது இல்லையாம். 1959இல் தாங்கியில் கறளும் இல்லை.

கார் இப்போது சாவகச்சேரி வரைக்கும் நிற்காமல் போய் வருகிறது. தாங்கி ஆறரைக் கலன், ஏறக்குறைய 29.5 லீற்றர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதை நிறைத்தே வைத்திருக்கிறோம். மாரி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் வடிகால் திருகைத் திறந்து ஒரு போத்தல் எடுத்துப் பார்க்கிறேன். பில்ரரில் முதலில் கொஞ்சம் சிவப்புத் தூள் வந்தது, மாற்றினேன், பிறகு வரவில்லை.

இன்னும் சரிவராதது மிதவைத் துவாரம் கசியாமல் அடைக்கும் கஸ்கெற். பழைய கோர்க் நொறுங்கிப்போய், இங்கே கிடைத்த றப்பரை வெட்டிப் போட்டேன். சாதாரண றப்பர் பெற்றோலில் ஊறி உப்பிவிடுகிறது. விளிம்பு வரை அடித்துவிட்டு வளைவில் திரும்பினால் டிக்கியில் மணக்கிறது. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் கோர்க் தாள் விற்கிற இடம் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அதற்காக மட்டும் பஞ்சிகாவத்தைக்குத் திரும்பப் போக எனக்கு விருப்பமில்லை.